மூன்றாம் தொட்டிப் புல்

பக்கத்து நிலத்துக்காரனின் நல்லெண்ணத்துக்கு விலை மதிப்பே கிடையாது என்பார்கள். வடக்குத்தில் அதற்கு விலை உண்டு. எண்பத்தாறாயிரம் ரூபாய், கொத்தனார் கூலி தனி.

அம்சவல்லி அந்த விலையைக் கொடுத்தாள். பேரமே பேசாமல் கொடுத்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் பூர்வீகம் குள்ளஞ்சாவடிக் கடைத்தெரு. எங்கள் வீட்டில் குழந்தை அழுதால்கூட, 'எவ்வளவு நேரம் அழுவே, முடிவா ஒரு பேச்சு சொல்லு' என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள். அப்படி வளர்ந்து, வடக்குத்து ரோட்டோரம் தவிடும் புண்ணாக்கும் விற்றுக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு மனுஷி கேட்ட விலையை அப்படியே கொடுப்பதைப் பார்ப்பது கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

சங்கதி இதுதான். அம்சவல்லிக்கு ஐந்து மாடுகள். புருஷன் தனகோட்டி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட். பெல்ட்டுக்குக் கீழே கொட்டும் கரியை வாருகிற வேலை. சேர்ந்த நாள் முதல் 'அடுத்த லிஸ்ட்டுல பெர்மனன்ட்' என்று சொல்லிச் சொல்லியே அவன் தலை நரைத்தது. அதனால் வீடு நின்றது மாட்டின் காலில். ஒரே மகள் எழில்மதி சிதம்பரத்தில் விவசாயப் படிப்பு, மூன்றாம் வருஷம். அவள் ஹாஸ்டல், புத்தகம், பஸ் எல்லாம் பாலில்தான் ஓடியது. மாட்டுக் கொட்டாய் போனால் படிப்பும் போகும். இதை அம்சவல்லி யாரிடமும் ஒளித்ததில்லை. கடைக்கு வரும்போதெல்லாம், 'மாடு நாலு காலுல நிக்கிது அண்ணே, எம்மவ அது முதுவுல நிக்கிறா' என்பாள்.

அந்தக் கொட்டாயைக் கழுவுகிற தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடியது. பள்ளத்தில் இருந்தது சிவப்பிரகாசத்தின் முந்திரிக் கொல்லையும் கிணறும். சிவப்பிரகாசம் மைன்ஸில் பெர்மனன்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலில் இன்னும் ஷிப்ட் சங்கு ஊதும்.

"ஏம்மா அம்சவல்லி, ஒன் மாட்டு மூத்தரத்துக்கு எங் கெணறுதான் கெடச்சிதா?"

"அது பள்ளத்தப் பாத்துப் போவுதுங்க. நானா போவச் சொன்னேன்?"

"அப்ப மேட்டப் பாத்துப் போவச் சொல்லு."

"மாடு சொன்னா கேக்குங்க. மூத்தரம் கேக்காது."

ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. அவள் தெருவிலிருந்து வருகிற பாலை அவர் கையால் வாங்க மாட்டார். ஆனால் பால் சொசைட்டிக்குப் போய் வாங்குவார். கேனில் ஊற்றிவிட்டால் எல்லார் பாலும் ஒரே பால். தண்ணீருக்கு மட்டும் அந்தச் சலுகையை அவர் தரவில்லை. தைக்குள் தண்ணீரை நிறுத்து, இல்லை கொட்டாயைப் பிரி என்று ஊர் முடிவானது.

எழில்மதி லீவில் வந்தாள். ஒரு குச்சியை எடுத்து, கொட்டாய் வாசலில் மூன்று கட்டம் போட்டாள். நான் தவிட்டு மூட்டை இறக்கப் போயிருந்தேன்.

"அம்மா, நீ மாட்டுக்குப் போடுற தீனியில இருக்கிற சத்து பாதி, பின்னாடி வழியா வெளியில போயிடுது. அத அந்தாளு கெணத்துக்கு அனுப்பிட்டு, அதே சத்த திரும்ப மாமா கடையில காசு குடுத்து வாங்கிக்கினு இருக்கோம்."

"கடைய இன்னிக்கே மூடணுமா, இல்ல வெள்ளிக்கிழம போவட்டுமா பாப்பா?" என்றேன்.

"வெள்ளிக்கிழம நல்ல நாளு மாமா" என்றாள், தலை நிமிராமல்.

முதல் தொட்டியில் சாணி அடியில் தங்கும். அள்ளி எருவாக்கலாம். இரண்டாவதில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை ஊற்றி, மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரைப் போட்டுக் குமிழ விட வேண்டும். மூத்திரத்தில் கரைந்திருக்கிற சத்தில் ஒரு பங்கு, வெள்ளை ரவையாக அடியில் உட்காரும். காயவைத்தால் உரம். மிச்சத் தண்ணீர் மூன்றாவது தொட்டிக்கு வரும். அதை எடுத்து மாட்டுப்புல்லுக்குப் பாய்ச்ச வேண்டும். கிணற்றுக்கு ஒரு சொட்டு போகாது.

சிமெண்டுக்கும் மோட்டாருக்கும் கடைக்காரன் சொன்ன எண்பத்தாறாயிரத்தை அம்சவல்லி அப்படியே எடுத்து வைத்தாள். தனகோட்டி ஷிப்ட் முடிந்து வந்து தானே குழி வெட்டினான். கேட்டால், "மைன்ஸ்ல வெட்டுன குழிக்கு பெர்மனன்ட் வரல. இதுக்காச்சும் வருதா பாப்போம்" என்றான்.

வந்தது. ஆடி தாண்டி இரண்டாம் தொட்டியின் அடியில் அந்த வெள்ளை ரவை உட்கார்ந்தபோது, அம்சவல்லி அதை விரலில் தொட்டு நாக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். எழில்மதி கையைத் தட்டிவிட்டாள். ஐந்து மாட்டின் மூத்திரத்திலிருந்து உப்புமா ரவை எடுத்தவள் என்று தெருவெல்லாம் கிண்டல். கிண்டல் செய்தவர்களே கத்தரிச் செடிக்கு ஒரு பிடி கேட்டு வந்தார்கள். சிவப்பிரகாசமும் வந்தார். வேலிக்கு அந்தாண்டை நின்று, "அந்த வெள்ளப் பொடி முருங்கைக்குப் போடலாமா?" என்று யாரையோ கேட்பது மாதிரி கேட்டார். அம்சவல்லி ஒரு டப்பா நிறைய வேலி மேல் வைத்தாள். எடுத்துக்கொண்டு போனார். கையால் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. இருந்தாலும் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய வியாபாரம்.

புல்லும் வந்தது. ஆள் உயரம். என் கடையில் அவள் பேரில் போகிற தவிடு பாதியாகக் குறைந்தது.

எழில்மதி கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "மூணாந்தொட்டித் தண்ணிய அப்படியே ஊத்தக் கூடாது. ஒரு பங்குக்கு மூணு பங்கு போர்த் தண்ணி கலக்கணும். மறக்காத."

அம்சவல்லி மறக்கவில்லை. கலக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வெளியூர்க்காரர்கள் முட்டாள்தனம் என்பார்கள். அம்சவல்லியின் அம்மா கம்மாபுரத்துப் பக்கம் கொல்லை வேலைக்குப் போனவள். களை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் மோர் என்று ஊற்றுவார்களாம். அதில் முகம் தெரியுமாம். கூழ் என்று ஊற்றுவார்களாம், கையில் நிற்காதாம். அம்சவல்லிக்குத் தண்ணீர் கலப்பது என்றால் அது ஒன்றுதான்: இருக்கிறவன் இல்லாதவனை ஏமாற்றுகிற வேலை. மாடு வாங்கிய நாளிலிருந்து அவள் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. மழையில் போகும்போதுகூட கேன் மூடி மேல் துண்டு கட்டிப் போவாள். சொசைட்டியில் அவள் பாலுக்குப் பால்மானி போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மைன்ஸ் டவுன்ஷிப் ப்ளாக் ஐந்தில், 'வடக்குத்து அம்மா பால் இருக்கா?' என்று கேட்டு வாங்குகிற வீடுகள் உண்டு.

அப்படிப்பட்டவள் மாட்டுப்புல்லுக்கு மட்டும் தண்ணீர் கலந்து ஊற்றுவாளா?

ஒருநாள் கேட்டேன். "என்னா தங்கச்சி, பாப்பா கலக்கச் சொல்லிச்சே?"

"அது புள்ள, சொல்லும். புல்லு வாய் பேசாதுங்கிறதுக்காவ அத ஏமாத்தலாமா அண்ணே? சத்த ஊத்துறதுன்னா சத்தா ஊத்தணும்."

ஹாஸ்டலிலிருந்து போன் வரும். "கலக்குறியாம்மா?"

"ம்" என்பாள்.

கார்த்திகைக் கடைசியில் புயல் சின்னம் என்று மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. சூரியனை யாரும் பார்க்கவில்லை. மோடம் கூரை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வைக்கோல் போர் அடிவரை நனைந்து பூசணம் பூத்தது. மாடுகள் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைக்கு லோடு வரவில்லை. என்னிடமும் தவிடு இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மழை கொஞ்சம் மூச்சு விட்டது. அம்சவல்லி அரிவாளோடு புல்லுக்குள் இறங்கினாள். தொட்டியை ஒட்டிய வரிசை மட்டும் வேறு நிறம். கரும்பச்சை. போன தடவை அறுத்த கட்டையிலிருந்து புதிதாக வெடித்த இளசு. ஒடித்தால் நீர் தெறிக்கிறது. அவள் அந்த வரிசையை முழுக்க அறுத்தாள். கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டாள். பெரியவளுக்கு ஒரு கட்டு, மயிலைக்கு ஒரு கட்டு. சிட்டுவுக்கு இரண்டு.

பெரியவள்தான் வீட்டைக் காப்பாற்றுகிற கறவை. மயிலை சுமார். சிட்டு கிடேரி, தலைச்சன் சினை, மாதம் நிரம்பியிருந்தது. அதன் தாய் ஈன்றதும் செத்துப்போக, எழில்மதி பிளஸ் டூ படித்துக்கொண்டே பால்புட்டி வைத்து வளர்த்தது. அம்சவல்லி அதன் கழுத்தில் கண்ணாடி வளையல் கோத்துக் கட்டியிருந்தாள்.

செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தனகோட்டி பார்த்துக்கொண்டே சோறு தின்றான். "எனக்கு ஒரு நாளாச்சும் இப்படி ரெண்டு வாட்டி போட்டிருக்கியா?"

"நீ சென புடி, போடறேன்."

"வயசாயிடுச்சேடி."

"அப்ப ரசத்த ஊத்திக்கினு கெளம்பு."

மற்ற இரண்டு மாடுகளின் முறை வருவதற்குள் மழை மறுபடி பிடித்தது. அவற்றுக்குப் பூசண வைக்கோல்தான். அதுதான் அவற்றைக் காப்பாற்றியது.

மதியம் தாண்டி எனக்கு லோடு வந்தது. ஒரு மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். கொட்டாயில் மயிலை குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நான் மூட்டையை இறக்கக்கூட இல்லை. முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. பெரியவள் ஓடி வந்து நின்ற மாதிரி இளைத்தாள். சிட்டு படுத்துக் கழுத்தை நீட்டியிருந்தது.

"பாம்புதான் அண்ணே, பாம்புதான்" என்று அம்சவல்லி வைக்கோலையெல்லாம் புரட்டினாள். மூன்று மாட்டை வரிசையாகக் கடிக்கிற பாம்பு எங்கே இருக்கிறது? நான் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் தமயந்தி வடலூரிலிருந்து அந்த மழையில் ஸ்கூட்டியில் வந்தார். ரெயின்கோட்டைக் கழற்றவில்லை. மயிலையின் உதட்டைப் புரட்டினார். ஈறு நீலம் பாரித்திருந்தது. காதில் ஊசியால் குத்தினார். சொட்டிய ரத்தம் சிவப்பாக இல்லை. கரி கரைத்த தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தது.

"சோளத் தட்டை போட்டீங்களா?"

"எளஞ்சோளம் போடுவேனாங்க? அது வெஷமின்னு தெரியாதா எனக்கு? புல்லுதான். நம்ம புல்லுதான். சத்தான புல்லு."

"எந்தத் தண்ணி பாயுது?"

அம்சவல்லி தொட்டியைக் காட்டினாள். டாக்டர் மழையில் நடந்து போய் அறுத்த வரிசையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சத்து ஜாஸ்தியாயிடுச்சும்மா. மூத்தரத்துல இருந்த அவ்வளவு உப்புச்சத்தையும் புல்லு குடிச்சிருக்கு. வெயில் அடிச்சிருந்தா ஜீரணம் பண்ணிருக்கும். வெயில் இல்ல. அப்படியே தண்டுல வெச்சிருந்திருக்கு. அது மாட்டு ரத்தத்துல போயி, மூச்ச ரத்தத்துல ஏறவிடாம பண்ணிடும். மருந்து இருக்கு." பையைத் திறந்தார். ஒரே பாட்டில். மை மாதிரி நீலம். "ஒரு மாட்டுக்குத்தான் வரும். பிரிச்சுப் போட்டா மூணும் போயிடும். கடலூர்லேர்ந்து வாங்கிட்டு வர்ற வரைக்கும் இதுங்க தாங்காது. எதுக்குப் போடணும்?"

அம்சவல்லி போனை எடுத்தாள். தனகோட்டி நம்பர் ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மகள் நம்பரை எடுத்தாள். பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு சிவப்பிரகாசம் வந்துவிட்டார். இந்தத் தடவை வேலியைச் சுற்றி, கொட்டாய்க்குள்ளேயே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிச் சாணியில் மண்டிபோட்டுப் பெரியவள் தலையைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டார்.

"கறவையப் புடிம்மா" என்றார். "கறவ இருந்தா மத்தத வாங்கிக்கலாம்."

"இது வயித்துல ஒன்னு இருக்குங்களே" என்றாள் அம்சவல்லி.

டாக்டர் சிட்டுவின் விலாவில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "உறுதியா சொல்ல முடியல. தாய்க்கு மூச்சு இல்லன்னா அதுக்கும் இல்ல. சீக்கிரம் சொல்லுங்க."

நான் பேரம் பேசி வளர்ந்தவன். அந்தப் பாட்டிலில் பேரத்துக்கு இடமில்லை.

அம்சவல்லி சிட்டுவின் பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள். "பெரியவளுக்குப் போடுங்க."

நீல மருந்து கழுத்து நரம்பில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பெரியவளின் இளைப்பு தணிந்தது. காது அசைந்தது. சிவப்பிரகாசத்தின் கையை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மயிலை எப்போது அடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. சிட்டு விளக்கு வைக்கிற வரைக்கும் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து வளையல் சலசலத்தது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்சவல்லியின் நிலத்தில் எங்கே வெட்டினாலும் தண்ணீர். "எம் மேட்டுக் கொல்லையில பொதச்சிக்கலாம். கெணத்துக்கு அந்தாண்ட" என்றார் சிவப்பிரகாசம். ஜேசிபியையும் அவரே சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எழில்மதி வந்தாள். மழை விட்டு, வெட்கமே இல்லாமல் வெயில் அடித்தது. நான் சாக்கில் கொஞ்சம் காய்ந்த வைக்கோல் கொண்டுபோயிருந்தேன். தனகோட்டி ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடே கொட்டாய் ஓரம் குந்தியிருந்தான். அம்சவல்லி பெரியவளிடம் கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மருந்து ஏறிய பால், யாருக்கும் ஆகாது. மாடு மூத்திரம் பெய்தது. நீலமும் பச்சையுமாக ஓடி முதல் தொட்டியில் விழுந்தது.

எழில்மதி அதைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த கட்டுத்தறியைப் பார்த்தாள். புல்லுக்குள் போய் அறுத்த கட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டாள். எழுந்து வரும்போது கையில் கடப்பாரை.

"எங்கடி போற?" என்றான் தனகோட்டி.

"இடிக்கப் போறேன். நான் போட்ட கோடுதானே, நானே அழிக்கிறேன். படிச்சி கிழிச்சதும் போதும். நாளைலேர்ந்து நானும் கான்ட்ராக்டுல வரேன், சொல்லி வுடு."

"குழி வெட்டுனவன் நான். என்னக் கேக்காம இடிப்பியா?"

அவள் ஓங்கினாள். தொட்டிச் சுவரில் ஒரு காரை பெயர்ந்தது. அம்சவல்லி வந்து கடப்பாரையின் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"உட்றி. நான் தண்ணி கலக்கல."

எழில்மதி நின்றாள்.

"ஒரு நாளும் கலக்கல. நீ கேட்டப்பல்லாம் ம்முன்னேன். கலக்கல."

"ஏம்மா?"

"தண்ணி கலக்குறது எனக்கு வரல."

நான் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன்.

"அதனால செத்த ரெண்டும் எங் கணக்கு" என்றாள் அம்சவல்லி. "நீ காலேஜுக்குப் போ."

எழில்மதி கடப்பாரையை விடவில்லை. "ஏன் கலக்கணும்னு நான் ஒனக்குச் சொன்னேனா?"

"மூணு பங்குன்ன."

"ஏன்னு சொன்னேனா?"

"...இல்ல."

"மோடம் போட்டிருக்கும்போது எளசு அறுக்கக் கூடாதுன்னு சொன்னேனா?"

"அதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்? நீயே கொழந்த."

"தெரியும்மா. பாடத்துல இருக்கு. பரிச்சையில ரெண்டு பக்கம் எழுதுனேன். நல்ல மார்க்கு. வூட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லல. ஒனக்கு என்னா புரியும்னு வுட்டுட்டேன்."

அம்சவல்லிக்கு அது எங்கேயோ பட்டது. ஆனாலும் விடவில்லை. "அதுக்கென்னா? அரிவா எங் கையில இருந்திச்சி."

"எனக்கு சிட்டு. நீ மயிலைய எடுத்துக்க."

"சிட்டுக்கு மருந்து வாணாம்னு சொன்னவ நான். நீ எப்படி எடுத்துக்குவ?"

"வளத்தவ நான். தண்ணி அளவ சொல்லிட்டு காரணத்த முழுங்குனவ நான். சிட்டு எனக்குத்தான்."

"தரமாட்டேன்."

"தா."

எத்தனையோ பேரங்கள் பார்த்திருக்கிறேன். ஒருவன் தன் பங்கைக் குறைக்கப் பார்ப்பான், மற்றவனும் குறைக்கப் பார்ப்பான். இரண்டு பேரும் தன் தலையில்தான் ஏற்ற வேண்டும் என்று சண்டை போட்டு, விலையை மேலே மேலே கொண்டுபோன பேரத்தை அன்றுதான் கண்டேன். தரகனாக யாரும் நடுவில் போக முடியாது.

கடைசியில் அம்சவல்லிதான் இறங்கி வந்தாள். வார்த்தை வியாபாரிக்கு இருக்க வேண்டிய மாதிரி இருந்தது.

"சரி. சிட்டுவ நீ எடுத்துக்கணும்னா ரெண்டு பேச்சுக்குக் கட்டுப்படணும். தொட்டிய இதுக்கு மேல தொடக் கூடாது. திங்கக்கிழம பஸ்ஸு ஏறணும்."

எழில்மதி கடப்பாரையை விட்டாள். அது அம்மா கையில் நின்றது. "நீ கலக்கணும். நான் காரணம் சொல்லிக் குடுப்பேன், நீ கேக்கணும்."

"கேக்கறேன்."

"ம்முன்னு சொல்லக் கூடாது."

"சொல்லல."

தனகோட்டி எழுந்து வந்து மனைவி கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டான். பெயர்ந்த காரையைக் காலால் ஓரம் தள்ளினான். அவன் கேட்க நினைத்துக் கேட்டானோ, தானாக வந்துவிட்டதோ தெரியாது.

"வயித்துல இருந்திச்சே, அது?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சிட்டுவுக்கு மல்லுக்கு நின்ற இரண்டு பேரும் கன்றைத் தன் கணக்கில் கேட்கவில்லை. எழில்மதி சேற்றிலிருந்து பொறுக்கிய ஒரு உடைந்த வளையல் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

மயிலை அம்மா பேரில். சிட்டு மகள் பேரில். கன்று கிடேரியா காளையா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. அது பாக்கி.